நூலகத் தோட்டத்தில் காய்த்த ஊதாக் கத்திரி

கத்திரிச் செடியில் கத்திரிக்காயை நூலால் கட்டித் தொங்கவிட்டவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? நான் கட்டியிருக்கிறேன். ஆறாவது படிக்கும்போது, வெளிச்சம் சரியாக வராத ஒரு காலையில், எங்கள் ஊர் நூலகத்துக்குப் பின்னால், என் நைனாவோடு. நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஏரியில் குதித்ததையும் வாத்தியாரிடம் அடி வாங்கியதையும் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் கூடச் சிரிப்பேன். இதை மட்டும் எடுத்ததில்லை. சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிற விஷயமாக இது எனக்கு இன்னும் ஆகவில்லை.

பெருநகர் என்கிற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ் நின்று போகிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. பஞ்சாயத்து ஆபீசை ஒட்டினாற்போல இரண்டு அறை, அதுதான் நூலகம். உள்ளே போனால் பூச்சி உருண்டை வாசனையும் மைப்பெட்டி வாசனையும் கலந்து வரும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்துவார்களே, அந்த டொப்பென்ற சத்தத்துக்காகவே நான் புத்தகம் எடுத்த நாட்கள் உண்டு. மரத்தில் செய்த நீள டிராயர், அதில் வரிசையாக அட்டைகள், நடுவில் ஓட்டை போட்டு ஒரு இரும்புக் கம்பி கோத்திருக்கும். அந்த டிராயரெல்லாம் எங்கே போயிற்றோ.

நூலகராக இருந்தது ஒரு அக்கா. பழையசீவரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் வேலைக்கு வந்த முதல் ஊரே எங்களுடையதுதான். என் நைனா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சட்டை மடிப்பு கலையாத ஆள். பாகத்தில் வந்த கொஞ்சம் நிலத்தையும் பெரியப்பாவே பயிர் வைத்துக்கொண்டார். நைனாவுக்குப் புத்தகம் போதும். நூலகத்து வாசகர் வட்டத்துக்கு அவர்தான் செயலாளர். வட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நைனா, பட்டாளத்திலிருந்து திரும்பி வந்திருந்த மிலிட்டரி மாமா, பஸ் ஸ்டாப்பில் கடை வைத்திருந்த டைலர், வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று இன்னும் இரண்டு பேர்.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு வந்தது. எங்கள் நூலகத்துக்கு ஆட்களே வருவதில்லை, பக்கத்துப் பெரிய ஊர் நூலகத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று. நைனாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வாசகர் வட்டத்தைக் கூட்டினார். பின்னால் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, ஒரு மாதிரித் தோட்டம் போடலாம் என்றார். எங்கேயோ ஒரு நூலகத்தில் அப்படிச் செய்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருக்கிறார்.

"புத்தகத்துல கீறத மண்ணுல காட்டணும். அப்பத்தான் சனம் உள்ள வரும்" என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. மிலிட்டரி மாமா முள்ளை வெட்டினார். டைலர், தையல் மெஷினில் உட்கார்ந்தே பழகிய கால்களோடு, குந்தி உட்கார முடியாமல் முட்டி போட்டுக்கொண்டு கல் பொறுக்கினார். நைனா வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டி பிடித்ததை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். உள்ளங்கை கொப்பளித்து, ராத்திரி அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அக்காகூடப் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீர் சுமந்தாள். எனக்கு ஒரு பூவாளி கொடுத்தார்கள், பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பூவாளி. மூக்கில் இரண்டு ஓட்டை அடைத்துப் போய், தண்ணீர் ஒரு பக்கமாகவே சாயும்.

ஒரு பாத்தியில் கீரை. ஒன்றில் வெண்டை. பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்ப்பதற்கு ஒன்று, சருகு மூடி வளர்ப்பதற்கு ஒன்று. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கத்திரி. நாற்று பெருநகரிலிருந்து வந்தது, பச்சையில் வெள்ளை வரி ஓடுகிற ரகம். ஒவ்வொரு பாத்தி ஓரத்திலும் ஒரு கம்பு, கம்பில் தகரப் பலகை. என்ன பயிர், எப்படி வைத்தோம், உள்ளே எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று நைனா தன் கையாலேயே பெயின்டில் எழுதினார். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

சனம் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்ததை நைனா கண்டுகொள்ளவில்லை. ரேஷன் கடையிலிருந்து திரும்புகிற பொம்பளைகள் மண்ணெண்ணெய் டின்னை வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்தேன். செடியைப் பார்த்து, நாற்று எங்கே வாங்கினது, எறும்பு வருதா என்று பேசிக்கொண்டே அறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா அவர்கள் கையில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்தாள். ஒருத்தி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு உறுப்பினர் அட்டை வாங்கினாள். அன்று பூராவும் பேனா மை பட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தாள். நைனா சாயங்காலம் பஸ் இறங்கி வந்து பார்ப்பார். "நெழலுக்கு வந்து குந்திக்கினு கீறாங்க" என்பார், குறையாகத்தான். அவர் கண் கத்திரிச் செடிமேலேயே இருந்தது.

மாவட்டத்திலிருந்து ஒரு ஆபீசர் அம்மா நேரில் வந்து பார்ப்பார், பிறகுதான் நூலகம் இருக்குமா போகுமா என்பது தெரியும் என்று தகவல் வந்தது. தீபாவளி கழித்து வருவதாகப் பேச்சு. அதற்குள் காய்த்துக் குலுங்கும் என்று நைனா டீக்கடையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், தாலுகா ஆபீஸில் சொன்னார். ஆபீசர் அம்மா வீட்டுக்கு ஒரு கூடை காய் நம் தோட்டத்திலிருந்துதான் போகும் என்றார்.

தீபாவளிக்கு முன்னாலேயே, நாளை மறுநாள் வருகிறார்கள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். செடியில் பூ மட்டும்தான் இருந்தது. இலைக்கு அடியில் தேடிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவில் ஒன்றிரண்டு. அக்காவோ பயிற்சி என்று அந்த வாரம் முழுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தாள். கேட்கவும் ஆளில்லை.

மறுநாள் சாயங்காலம் நைனா உத்திரமேரூரிலிருந்து ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு வந்து இறங்கினார். மார்க்கெட் கலைகிற நேரத்துக்குப் போயிருக்கிறார் போல. பச்சை வரிக்காய் தீர்ந்துபோய் ஊதாக்காய்தான் கிடைத்திருக்கிறது. பையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. நாளைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "இது வேணாங்க. பூ கீதில்ல? பூவக் காட்டுங்க."

"பூவப் பாக்கவா ஜீப்பப் போட்டுக்கினு வராங்க?" என்றார் நைனா.

 நூல் கேட்டபோது, வீட்டில் நூலே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். ஊசி டப்பாவில் இரண்டு கண்டு இருந்தது எனக்குத் தெரியும். நைனா என்னை டைலரிடம் அனுப்பினார், பச்சை நூல் வாங்கிக்கொண்டு வா என்று. டைலர் என் முகத்தைப் பார்த்தார்.  ஒரு முழுக் கட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

விடிகாலையில் போனோம். கத்திரி இலை பனியில் நனைந்திருந்தது. அந்த இலையின் சுணை கையில் பட்டால் அரிக்கும், நினைவிருக்கிறதா? நான் காயைப் பிடித்துக்கொள்ள, நைனா காம்பைச் சுற்றி நூலைப் போட்டு, கிளை பிரிகிற இடத்தில் முடிந்தார். மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது அந்த நூலில். காம்பு முள் அவர் விரலில் ஏறி ரத்தம் வந்தது, சட்டையில் துடைக்காமல் வாயில் வைத்துக்கொண்டார். முதல் சில காய்களை ரொம்பப் பொறுமையாகக் கட்டினார். எட்ட நின்று பார்த்தார். "நல்லா கீதா?" என்று என்னிடம் கேட்டார். நிஜமாகவே நன்றாக இருந்தது. நல்லா கீது நைனா என்றேன். ஊருக்குத் தெரிந்துவிடாதா என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. ஊரார் பரவாயில்லை, ஊருக்காகத்தானே என்று விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. வருகிறவர் டவுன்காரர், அவருக்கு என்ன தெரியும் என்பதும் அவர் கணக்குத்தான்.

ஜீப் வர வெயில் ஏறிவிட்டது. அதற்குள் காய்களில் பளபளப்புப் போயிருந்தது. ஒரு கிளை பாரம் தாங்காமல் மடங்கி, காய் மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஊரே வந்திருந்தது. ரேஷன் கடைப் பொம்பளைகள் முன்னால் நின்றார்கள். நேற்றுவரை பூ மட்டுமே இருந்த செடியில் ஊதாக்காய் தொங்குவதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மிலிட்டரி மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நூலகக் கூரையைப் பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆபீசர் அம்மா காட்டன் புடவையில், கறுத்து ஒல்லியாக இருந்தார். கூட இரண்டு பேர். நைனா முன்னால் நடந்து ஒவ்வொரு பாத்தியாக விளக்கினார். கத்திரிப் பாத்திக்கு வந்த நேரம் அக்கா பஸ் இறங்கிக் கைப்பையோடு ஓடி வந்தாள். செடிகளைப் பார்த்தாள். இரண்டு கையையும் தட்டினாள்.

"சார், காய் வந்துடுச்சே சார். நான் போகும்போது பூவாதானே இருந்துச்சு" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

நைனா அவளைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

ஆபீசர் அம்மா குனிந்து ஒரு காயை உள்ளங்கையில் ஏந்தினார். கட்டைவிரல் காம்பின்மேல் போனது, நூல்மேல் நின்றது.  நான் நைனாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பாத்தி ஓரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா காயை மெதுவாக விட்டுவிட்டு நிமிர்ந்தார். நைனாவிடம் எதுவும் கேட்கவில்லை. பொம்பளைகளிடம் திரும்பி, நீங்கள் உள்ளே வருவதுண்டா, என்ன படிக்கிறீர்கள் என்று விசாரித்தார். மை விரல்காரி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்கிற புத்தகத்தை எடுத்துப் போய், தன் பையனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி தையல் புத்தகம் வேண்டும் என்று கேட்டாள். ஆபீசர் அம்மா உள்ளே போய் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்.

கிளம்பும்போது நைனாவைத் தனியாக ஜீப் பக்கம் கூப்பிட்டார். நான் வால் மாதிரி கூடவே போனேன்.

"நூலகம் இங்கேயே இருக்கும் சார். நான் காய் பார்க்க வரலை, வர்ற ஆளுங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். பிறகு, "பிள்ளையை இதுல சேர்த்திருக்க வேணாம்" என்று என் தலையில் கை வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். என் விரலெல்லாம் கத்திரி இலைச் சாறு பட்டுப் பச்சையும் கறுப்புமாக இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

நூலகம் பிழைத்தது. ஊரில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேச வேறு இருந்தது. எங்கள் ஊர் நூலகத்தில் எல்லாமே நூலால்தான் என்று டீக்கடையில் ஒருவன் சொல்ல, அது நிலைத்துவிட்டது. நைனாவுக்கு நூல்காரர் என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பையின் வாரில் யாரோ ஒரு கத்திரிக்காயை நூலால் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்க முடியாமல், பல்லால் கடித்து அறுத்து, கிணற்றடியில் எறிந்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அழவில்லை. அழுதிருந்தால் விட்டிருப்பார்கள். நைனாவோடு ரோட்டில் நடக்கும்போது இரண்டடி பின்னால் நடக்க ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்தார். அவரும் கொஞ்சம் வேகமாக நடந்து அந்த இடைவெளியை வைத்துக்கொண்டார், எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று.

தீபாவளி கழிந்து சில நாளில் செடிகள் நிஜமாகவே காய்த்தன. என்ன காய்ப்பு! பச்சையில் வெள்ளை வரி. ஊதாக்காய் தொங்கிய அதே கிளைகளில் பச்சைக்காய். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மிலிட்டரி மாமா ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நைனா உள் அறையிலிருந்து வரவில்லை. மாமா வாசலிலேயே நின்று, அத்த மறந்துட்டு வாய்யா, தோட்டம் உன்னுது என்று சொல்லிப் பார்த்தார். நைனா உள்ளிருந்தே, செயலாளராக வேறு யாரையாவது போட்டுக்கொள்ளச் சொன்னார். மாமா திரும்பும்போது மட்டும் கதவுவரை வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணாண்ட மட்டும் யாரும் சொல்லாதீங்க. அது நம்பிக்கினு கீது."

அக்காவைச் சொன்னார். அவள் கை தட்டியது அவருக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஊரே கேலி பண்ணட்டும், நம்பிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியின் முகத்தில் விழிக்க முடியாது என்பது அவர் நினைப்பு. மிலிட்டரி மாமா எல்லோருக்கும் சொல்லி வைத்தார். எங்கள் ஊரில் எந்த ரகசியமும் தங்காது, ஆனால் அக்கா காதில் ஒரு நாளும் ஒரு வார்த்தை விழுந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அதன்பிறகு நைனா நூலகத்து வாசலை மிதிக்கவில்லை. படிப்பதை விடவில்லை. என்னிடம் புத்தகத்தின் பெயரைச் சொல்லி அனுப்புவார், நான் எடுத்து வருவேன். அக்கா, சார் எப்படி இருக்கார் என்று கேட்பாள். ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்பேன். எனக்குக் கல்யாணமாகி நான் செங்கல்பட்டு போனபிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். அக்கா எங்கள் ஊரிலேயே பல வருஷம் இருந்துவிட்டு, பிறகு காஞ்சிபுரத்துக்கு மாறிப் போய் ஓய்வு பெற்றாள். அவள் போனபிறகும் நைனா போகவில்லை. பழகிவிட்டது. வாசகர் வட்டத்தில் ஆட்கள் மாறினார்கள், தோட்டம் ஒரு வருஷம் காடாகவும் ஒரு வருஷம் பூந்தோட்டமாகவும் கிடந்தது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் மூலிகை போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அம்மா போனபிறகு நைனாவைப் பார்த்துக்கொள்ள நான் ஊருக்கே திரும்பி வந்தேன். எண்பதைத் தாண்டியும் அவருக்குக் கண்ணாடி போட்டால் எழுத்து தெரிந்தது. மறுபடியும் நான்தான் அவர் சொல்கிற பெயரைக் கேட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன், அறுபதை எட்டுகிற வயதில், முட்டி வலியோடு.

போன தை மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த வயசான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவுகிற இடத்தில் வந்து பிடித்துக்கொண்டார். அக்காதான். நைனா இருக்கிறார் என்றதும் கண் கலங்கிவிட்டது. ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். போகிற நேரத்தில், ரொம்ப நாளா உறுத்திக்கினே கீது, சொல்லிடறேன் என்று ஆரம்பித்தாள்.

ஆபீசர் அம்மா வந்த அன்றைக்கு அவள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாளாம். வேலிக்கு அந்தண்டை நின்று, நாங்கள் கட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஆபீசர் அம்மா ஆட்களைத்தான் பார்க்க வருகிறார், காயை இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, காஞ்சிபுரத்தில் பேசிக்கொண்டார்களாம். உள்ளே வந்து சொல்லியிருந்தால் அவிழ்த்துப் போட்டிருக்கலாம்.

"சார் வெட்கப்படுவாரேன்னு தோணிச்சு. திரும்பிப் போய் டீக்கடைப் பின்னால நின்னேன். அடுத்த பஸ் வந்ததும் அதுல எறங்கின மாதிரி ஓடி வந்தேன். எல்லாரும் கம்முனு நிக்கறதப் பாத்ததும் பயமாப் போச்சு. நானாவது நம்பின மாதிரி இருக்கட்டும்னு கையத் தட்டினேன்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன சந்தோஷம் என்று இப்போது கேட்டால் சொல்ல வாய் வரவில்லை. நைனா தலைமேல் இத்தனை வருஷமாக இருக்கிற ஒரு மூட்டையை இறக்கிவைக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அக்காவை அவர் ஏமாற்றவே இல்லை, அவள் முகத்தைப் பார்க்க அவர் கூசியிருக்கவே வேண்டாம், இதைச் சொன்னால் சிரிப்பார் என்றுகூட நினைத்தேன். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

நைனா கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"கை தட்டினாளே?"

"அது அந்த ஆபீசர் அம்மா நம்பணும்னு, நைனா. உங்களக் காப்பாத்தத்தான்."

"அப்ப ஒருத்தர்கூட நம்பலையா?"

 தாம்பூலப் பையை அவிழ்த்து, தேங்காயை வெளியில் எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன். ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்த அத்தனை வருஷமும், அவரை நம்பிக் கை தட்டிய ஒருத்தி இருந்தாள் அவருக்கு. அவளுக்குப் பயந்து ஒளிந்துகொண்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளை வைத்துத்தான் நிமிர்ந்து இருந்திருக்கிறார்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் எழுந்தார், காபி குடித்தார், பேப்பர் பார்த்தார். முடித்துவைத்த புத்தகம் அலமாரிமேல் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், என்ன எடுத்து வரட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

இன்றுவரை அவர் ஒரு புத்தகமும் கேட்கவில்லை. நானும் நூலகத்துப் பக்கம் போவதென்றால், அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போகிறேன்.